யாரால் துவைக்கப்பட வேண்டும்?

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்த தோழர்கள், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிலாளர் வரலாற்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நம்மிடம் தொழிலாளர் வரலாறு என்றால் ஆலை வாசலில் தொடங்கி ஆலை வாசலிலேயே முடிந்துவிடும். சங்கக் கொடி, வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, விபத்து, இழப்பீடு. இவற்றையெல்லாம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து, வாசலைத் தாண்டி, சைக்கிள் ஏறி வீட்டுக்கு வந்து சேர்கிற அந்த அழுக்குச் சட்டைக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதி நான் அதிகம் படித்ததில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இலக்கிய மேடையில் அழுக்குத் துணியா என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு அது புதிய பொருள் அல்ல. கொஞ்ச நேரத்தில் அங்கே வருகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பக்கெட்டுகள் இருந்தன. ஒன்று குளிக்க. இன்னொன்று பழைய பெயின்ட் டப்பா. அதில் அப்பாவின் கம்பெனிச் சட்டையும் பேன்ட்டும் மட்டும் ஊறும். "அது மருந்து பக்கெட், தொடாதே" என்று அம்மா எங்களை விரட்டுவார். அப்பா பூச்சிமருந்து கலக்கும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் கூலி. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். டிரம்மில் வரும் வீரிய மருந்துக்கு அங்கே 'டெக்னிக்கல்' என்று பெயர். அதில் கரைப்பான் எண்ணெயும், தண்ணீரோடு சேர்ந்தால் பால்போல் கலங்க வைக்கும் சரக்கும் சேர்த்துக் கலக்கி, லிட்டர் பாட்டிலிலும் கால் லிட்டர் பாட்டிலிலும் நிரப்புவார்கள். நிரப்பும்போது சிந்தும். மூடி போடும்போது சிந்தும். சிந்தியதைத் துடைத்த துணி சட்டையில் உரசும். அப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த வாசனை நுழையும்.

அம்மா முதலில் அதை ஏரிக்கால்வாயில் அலசிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஊர்த்தெருக்காரர்கள் வந்து, இது மாடு குடிக்கிற தண்ணீர், இங்கே மருந்துத் துணி அலசக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். அந்தத் துணி மாட்டுக்கு ஆகாது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. காலனிப் பெண்ணின் கைக்கு ஆகுமா என்று கேட்க ஊருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அதன்பிறகு அடிபம்படியில் துவைத்தார். பார் சோப்பு, பச்சைத் தண்ணீர், வெறுங்கை. அந்த நாள்களில் தலைவலி, குமட்டல், தாங்க முடியாத வியர்வை. டாக்டர் இரத்தசோகை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று அவர் கேட்டதில்லை. அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் சாவுக்கு அந்தத் துணிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரு காகிதமும் கிடையாது. ஏன் ஒரு காகிதம்கூட இல்லாமல் போனது என்று தேடிப் போன கதைதான் இந்தப் பேச்சு.

துணி துவைப்பதற்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. வடசென்னையின் வண்ணாரப்பேட்டை என்ற பெயரே அதற்குச் சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுக்கக் குடியமர்த்தப்பட்டவர்களின் பேட்டை அது. நெசவைப் பற்றி, சாயத்தைப் பற்றிப் பேசும் வணிக வரலாறு வெளுத்த கையைப் பற்றி ஓரிரு வரியோடு நகர்ந்துவிடும். உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து, வெயிலில் விரித்த அந்தத் தொழில்நுட்பம் இல்லாமல் லண்டன் சந்தைக்கு வெள்ளைத் துணி போயிருக்காது.

அது ஏற்றுமதித் துணி. வீட்டுத் துணியின் கதை வேறு. ஊர்த்துணிக்கு ஊர் வண்ணார் இருந்தார்கள். சேரித்துணிக்கு? அங்கேதான் புதிரை வண்ணார் வருகிறார்கள். 1932 டிசம்பரில் 'இந்து' நாளிதழில் வந்த ஒரு செய்தியை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். திருநெல்வேலிப் பக்கம் தீண்டத்தகாதாரின் துணியை வெளுக்கும் இவர்கள், பகலில் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டதால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்தார்கள் என்கிறது அச்செய்தி. 'பார்க்கத் தகாதார்' என்று அவர்களுக்கு ஒரு வகைப்பாடே உண்டாயிற்று. தென்கோடியில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். வட மாவட்டங்களிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். பட்டியல் சாதிகளின் வரிசையில் பெயர் இருந்தும், 'வண்ணார்' என்று வேறு பட்டியலில் சான்றிதழ் கொடுக்கப்படுவதால் இன்றும் அலைகிறவர்கள். 2009இல்தான் அவர்களுக்கென ஒரு நலவாரியம் அமைந்தது.

நான் இலக்கியத்துக்கு வருகிறேன் என்றேனே, இதுதான் இடம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம் அரங்குகளில் எவ்வளவு சச்சரவு! ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணாத்தியைப் பறையர் தெரு எப்படி நடத்தியது என்று எழுதியது, நம்மை நாமே காட்டிக் கொடுப்பது ஆகாதா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கேள்விக்காக வெட்கப்படுகிறேன். என் பாட்டி காலத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. பிள்ளைபெற்ற துணி, தீட்டுத் துணி, சாவுத் துணி எல்லாம் அவர்கள் வாசலுக்குப் போகும். இரவில் வந்து சோறு வாங்கிப் போவார்கள். நாங்களும் ஒரு கையை வைத்திருந்தோம், எங்கள் அழுக்கை எடுக்க. அந்தக் குடும்பம் எப்போது ஊரை விட்டுப் போனது என்று எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. போனது நல்லதற்குத்தான். அவர்கள் விட்டுப்போன வேலை எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. அது அந்தந்த வீட்டுப் பெண்ணின் கைக்குப் போனது. சரியாக அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்தன.

சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே நாற்பத்தைந்து கிலோமீட்டரில், கல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற கும்மிடிப்பூண்டியில் 1980களில் தொழிற்பேட்டை எழுந்தது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஏரிப்பாசன நிலத்தில் கூலியாக இருந்தவர்களுக்குக் கம்பெனி என்பது விடுதலையாகத்தான் தெரிந்தது, அதில் பொய்யில்லை. ஆண்டையின் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். காக்கிச் சட்டை கிடைக்கும். வெள்ளைச் சட்டை போட்டதற்காக அடி வாங்கிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அது. சலவை செய்து மடிப்புக் கலையாத காக்கியோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது எங்கள் தெருவில் எவ்வளவு பெரிய காட்சி என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்த மடிப்புக்காகத்தான் அம்மா அத்தனை கசக்குக் கசக்கினார். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது எங்களுக்கு மானப் பிரச்சினை. மருந்தின் எச்சம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், சுத்தமாகத் தெரிந்த சட்டை சுத்தம் என்றே நாங்கள் நம்பினோம். இதில் ஒரு வேடிக்கை. சோப்புத் தூளுக்கு வேண்டிய மூலப்பொருளும் எங்களுக்குப் பக்கத்தில் மணலியில்தான் தயாராகிறது.

சட்டத்துக்கு வருவோம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவருக்குப் பின் வந்த தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். அவர் காலத்தில்தான் 1948 தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. அதன் 42ஆம் பிரிவு, தொழிலாளர் கழுவிக்கொள்ள வசதி வேண்டும் என்றது. 43ஆம் பிரிவு, வேலை நேரத்தில் உடுத்தாத துணியை வைக்கவும் ஈரத்துணியை உலர்த்தவும் இடம் வேண்டும் என மாநில அரசு விதி செய்யலாம் என்றது. உடம்பையும் துணியையும் பற்றி ஒரு சட்டம் யோசித்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் உலர்த்த இடம் சொன்ன சட்டம், துவைக்க ஆள் சொல்லவில்லை.

பூச்சிமருந்துக்கென்று தனிச் சட்டம் வந்த கதை இன்னும் முக்கியமானது. நம் ஊரில் 'பாலிடால்' என்ற சொல் விஷத்துக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. தற்கொலைச் செய்திகளில் அந்தச் சொல்லைப் படித்தே வளர்ந்தோம். அது போலிடால், பாரத்தியான் என்னும் மருந்தின் வணிகப் பெயர். 1958இல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமை மாவும் இந்த மருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டன. மருந்து கசிந்து மாவு மூட்டையில் ஊறியது. அந்த மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்த விசாரணையும் விவாதமும்தான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வழி செய்தன. யோசித்துப் பாருங்கள், மருந்தை உறிஞ்சிய ஒரு மூட்டையிலிருந்து பிறந்த சட்டம் இது. மூட்டை உறிஞ்சுமானால் சட்டையும் உறிஞ்சும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தெரிந்துதான் இருந்தது. 1971 பூச்சிக்கொல்லி விதிகளில் 39ஆம் விதி பாதுகாப்பு உடையைப் பற்றியது. மேலங்கி, முழங்கைப் பாதிவரை நீளும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ் என்று பட்டியல் தருகிறது. உடை எந்தத் துணியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது: மருந்து ஊடுருவாததாக இருக்க வேண்டும்; ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் நஞ்சு நீக்கப்படும் வகையில் துவைக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் இருந்த மாதிரி விதிகள் இன்னும் ஒருபடி மேலே போயின. பாஸ்பரஸ் வகை மருந்தைக் கையாளுகிறவர்களின் பாதுகாப்பு உடை தினமும் உள்ளும் புறமும் துவைக்கப்பட வேண்டும் என்றன.

நான் தமிழாசிரியனாக இருந்தவன். செயப்பாட்டு வினையைப் பாடம் நடத்தும்போது, 'யாரால்' என்று கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். நீக்கப்படும், யாரால்? துவைக்கப்பட வேண்டும், யாரால்? கையுறையும் பூட்ஸும் கொடுக்க வேண்டியவர் முதலாளி என்பதில் குழப்பமில்லை. துவைப்பதைச் சொல்ல வந்தபோது மட்டும் வாக்கியத்தில் ஆள் காணாமல் போகிறார். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. துணி எப்படியும் துவைக்கப்படும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் அழுக்குத் துணியைப் போட்டால் எடுத்துத் துவைக்க எப்போதும் ஒரு கை இருந்திருக்கிறது. சேரியின் துணியைத் துவைக்கவும் ஒரு கை இருந்த நாட்டில், அந்தக் கைக்குப் பெயர் எழுத வேண்டிய தேவை வரைவாளருக்குத் தோன்றியிருக்காது.

அதே 1971 விதிகள், மருந்தைத் தயாரிக்கிற தொழிலாளிக்குக் காலமுறையில் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறினால் இரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியின் அளவு குறையும். நரம்பு கொடுத்த ஆணையை நிறுத்துகிற வேலையைச் செய்வது அது. அது குறைந்தால் வியர்வை, எச்சில், குமட்டல், தசைத் துடிப்பு, கண்பாவை சுருங்குதல். மருந்தைக் குடிக்கவே வேண்டாம், தோல் வழியாகவே ஏறும். தொழிலாளியின் இரத்தத்துக்கு இந்தச் சோதனை உண்டு; அவர் உழைத்த துணியைத் துவைத்தவரின் இரத்தத்துக்குக் கிடையாது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அம்மாவுக்கு ஒரு காகிதமும் இல்லாமல் போனது இப்படித்தான். போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயத் தொழிலில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். சுற்றுவட்டார மக்களில் அம்மாவும் ஒருவர்தானே. எங்கள் தெருவுக்கு யாரும் வந்து எதையும் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை.

இது உலகத்துக்குத் தெரியாத ரகசியமா என்றால், இல்லை. 1965இல் லண்டனில் முரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரண்டு பெண்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூச்சிமருந்து பற்றியது அல்ல, கல்நார் எனும் ஆஸ்பெஸ்டாஸ் பற்றியது. ஆலைக்குள் காலே வைக்காத பெண்களுக்கு அதே புற்றுநோய் எப்படி வந்தது என்று விசாரித்தபோது, கணவரின் வேலை உடையைத் துவைத்தவர்கள் அவர்கள் என்று தெரிந்தது. 1975இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊரில் கீபோன் என்னும் பூச்சிமருந்து செய்த ஆலை மூடப்பட்டது. தொழிலாளிகளின் கைகால் நடுங்கின. அவர்களின் மனைவி மக்கள் இரத்தத்திலும் கீபோன் இருந்தது. வேலை உடையில் ஒட்டி வீட்டுக்குப் போயிருந்தது. 1989இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு குறிப்பு வந்தது. பாரத்தியான் பட்ட சீருடை; துவைத்த பிறகு உடுத்தியவருக்கும் நஞ்சேறியது. நம் பாலிடால்தான் அது. 1992இல் அந்த நாடு தொழிலாளர் குடும்பப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டு, வேலைத்தல நஞ்சு வீட்டுக்குப் போவதை ஆராயச் சொன்னது.

நம் உறவுகள் மலேசியத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே மருந்தடிக்கும் வேலை பெண்களுடையதாக இருந்தது. பெரும் பகுதியினர் தமிழ் வழிவந்தவர்களாக இருந்தார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் தெனகனிதா அமைப்பு அவர்களின் நிலையை 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு எதிராக நீண்ட காலம் போராடினார்கள். தடை வந்தது, தளர்ந்தது, மறுபடி 2020இல் முழுத் தடையானது. அங்கே அடித்தவரும் துவைத்தவரும் ஒரே பெண். இங்கே எங்கள் தெருவில் அது இரண்டு ஆளாகப் பிரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எப்படித் துவைத்தால் போகும் என்று 1980களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துணியியல் துறைகள் நிறைய சோதனை செய்தன. அவர்கள் சொன்னது: வேறு துணியோடு சேர்க்காதே, முதலில் தனியாக அலசு, தண்ணீர் 60 டிகிரியாவது சூடாக இருக்கட்டும், சோப்பு தாராளமாகப் போடு, அன்றன்றே துவை, வெயிலில் காயப்போடு. கஞ்சி போட்ட துணியில் மருந்து கஞ்சியோடு ஒட்டிக்கொண்டு துவைக்கும்போது கஞ்சியோடு கழன்றுவிடும் என்றும் கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காரமும் கொதியும் பல பாஸ்பரஸ் மருந்துகளைச் சிதைக்கும் என்பது வேதியியல் பாடம். உவர்மண், வெள்ளாவி, கஞ்சி. நாம் இழிதொழில் என்று ஒதுக்கியவர்களின் கைமுறைதான், பார் சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்ட எங்கள் அடிபம்பை விட அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது. அதற்காக வெள்ளாவியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. துணியை வெள்ளாவிக்கு எடுத்துப் போகும் கை முதலில் மருந்தைத் தொட்டாக வேண்டும்.

அந்தச் சோதனைகளில் இன்னொரு முடிவும் உண்டு, அதுதான் நமக்கு வேண்டியது. தண்ணீரில் கலந்து வயலில் அடித்த மருந்து துணியில் பட்டால் பெரும்பாலும் போய்விடுகிறது. கலக்காத வீரிய மருந்து, அதிலும் எண்ணெய்ப் பதத்தில் உள்ளது பட்டால், பலமுறை துவைத்தாலும் மிஞ்சுகிறது. அப்படி நனைந்த துணியைத் துவைக்காதே, எறிந்துவிடு என்பதே அவர்களின் அறிவுரை. வயல் கூலியின் சட்டையில் படுவது கலந்த மருந்து. பாட்டிலில் நிரப்பும் கம்பெனியில் எல்லாமே கலக்காத மருந்து. அப்பாவுக்கு வருடத்துக்கு இரண்டு செட். எதை எறிவது? எனவே பெண்களுக்குக் கையுறை கொடுத்து, சுடுதண்ணீரில் துவைக்கச் சொல்லிக் கொடுத்து, விழிப்புணர்வு முகாம் நடத்துவது வழியல்ல. அந்தச் சட்டை வாசலைத் தாண்டவே கூடாது. ஆலைக்குள் குளியலறை, வீட்டுத்துணிக்கு ஒரு பெட்டி, வேலைத்துணிக்கு ஒரு பெட்டி, ஆலையின் செலவில் சலவை, துவைப்பவருக்கும் மருத்துவப் பதிவேடு. ஆலைக்குள் சலவை வந்தால் அங்கே துவைக்கப்போவது எந்தத் தெருவின் ஆள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். துப்புரவுக்கு யாரை எடுக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போவது குறைந்துவிட்டது. படித்தவர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போகிறார்கள். அந்த இடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய வீட்டை வாங்கியவர் அதைத் தடுத்து வரிசை அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். அறைக்கு ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடிபம்பு இருந்த இடத்தில் இப்போதுள்ள குழாயடியில் ஒரு பையன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. அந்த வாசனை எனக்கு மாறவில்லை. கம்பெனியில் துவைத்துத் தர மாட்டார்களா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். கேள்வி அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டு, "எங்க ஆறு பேரு துணியையும் நான்தான் துவைக்கிறேன் அண்ணா, சின்னவன் நான்தானே" என்றான். அலசி முடித்து அதே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அறைக்குள் கொண்டுபோனான்.